ஃபியூசர் சூடாக மறுத்தால்

ஜெராக்ஸ் மெஷினில் டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதி ஃபியூசர். அதற்குச் சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சூடு ஏறாவிட்டால் திரையில் பிழை எண் வந்து நிற்கும்.

முதல் சிகிச்சை, அணைத்துப் போடுவது. தீப்பிடிக்கக் கூடாதென்று, சர்வீஸ் மோடில் போய் அழிக்கும்வரை பல மெஷின்கள் அந்த எண்ணை விடாது. ஆகவே இது சிகிச்சை அல்ல, பிரார்த்தனை. எத்தனை முறையும் செய்யலாம். இரண்டாவது, பக்கவாட்டில் தட்டுவது. தட்டும் உரிமை பணிமூப்புப்படி வரும்.

மூன்றாவது, மெக்கானிக். அவர் தெர்மிஸ்டரில் படிந்த டோனரைத் துடைப்பார். ஹீட்டர் லாம்ப்பை மாற்றுவார். போதாதென்று தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவார். மெஷின் ஓடும். மறுநாள் காலை 11 மணிக்கு அதே எண் வரும்.

காரணம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும். மெஷின் பிளக்குக்குப் பக்கத்திலேயே மேலாளரின் டீ கெட்டில். அது கொதிக்கும்போது வோல்டேஜ் படுத்துவிடும்.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. காலை 11 மணிக்கு யாரும் ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதென்று மேலாளர் சுற்றறிக்கை விடுவார். அதன் பிரதிகள் எதிர்க்கடையில் எடுக்கப்படும்.