பட்டாளத்து வெள்ளந்தி

ராணுவ நகைச்சுவைத் தொடர் எதை எடுத்தாலும் அதில் ஒரு வெள்ளந்தி கட்டாயம் இருப்பான். பூட்ஸ், கம்பளி, அலுமினியத் தட்டு இவற்றோடு முகாமுக்கு ஒருவன் வீதம் அரசாங்கமே சப்ளை செய்கிறதோ என்று தோன்றும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவான். கேட்டவனுக்கெல்லாம் கைமாற்று கொடுப்பான். சமையல்கட்டில் அடுத்தவன் பங்கு உருளைக்கிழங்கையும் சேர்த்து உரித்து வைப்பான். இப்படி ஒருத்தன் பக்கத்துக் கட்டிலிலேயே கிடைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முதல் வாரமே அவன் தலையில் மிளகாய் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த இனத்துக்குத் தலைமகன் கோமர் பைல். வட கரோலினாவில் மேபெரி என்றொரு கற்பனை ஊர். அங்கே பெட்ரோல் பங்க்கில் கார்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பிள்ளையை, 'ஆண்டி கிரிஃபித் ஷோ'க்காரர்கள் 1964 மே மாதம் மரீன் படையில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு வாரக் கூத்து ஜனங்களுக்குப் பிடித்துப்போக, செப்டம்பரிலேயே பைலுக்குத் தனித் தொடர் பிறந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1969 வரை 150 பகுதிகள் ஓடியது. பைலாக நடித்தவர் ஜிம் நேபர்ஸ். அவருக்கு வாய்த்த எமன், சார்ஜென்ட் கார்ட்டராக வந்த ஃபிராங்க் சட்டன்.

வெள்ளந்தியை அடையாளம் காண்பது சுலபம். கார்ட்டர் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "காதில் விழவில்லை!" என்று கத்துகிறார். வேறு எவனாக இருந்தாலும் முழங்கால் ஆடும். பைலின் முகத்திலோ பரிவு பொங்கும். இவ்வளவு கத்தினால் மனுஷருக்குத் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்ற கவலை அவனுக்கு. சார்ஜென்ட் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்பது கடைசிவரை அவன் மண்டையில் ஏறாது. தன்னை முன்னுக்குக் கொண்டுவர இவ்வளவு பாடுபடுகிறாரே என்று நெகிழ்ந்துபோவான். விரட்டி விட்டால் ஓடிவிடுவான் என்று பார்த்தால், விரட்டியதற்கு நன்றி சொல்ல மறுபடி வந்து நிற்பான்.

பட்டாளத்தில் புதியவனை ஏய்க்க நெடுங்காலமாய்ப் புழங்கிவரும் உத்திகள் உண்டு. வரைபடத்தில் போட்டிருக்கும் கட்டங்கள் தீர்ந்துவிட்டன, ஸ்டோருக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வா என்பார்கள். விமானத்தின் சுழல்விசிறி கிளப்பும் காற்றில் ஒரு வாளி பிடித்து வரச் சொல்வார்கள். லாரியின் புகைக்குழாயில் பையை வைத்துப் புகையைச் 'சாம்பிள்' எடு என்பார்கள். ஸ்டோர்காரரும் இதில் கூட்டுக் களவாணி. "இங்கே இல்லையப்பா, அடுத்த கட்டடத்தில் கேள்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லி அனுப்புவார். பையன் முகாம் முழுக்க அலைந்து, விஷயம் புரிந்து, முகம் சிவந்து திரும்புவான். கொட்டகையே உருண்டு புரளும். அடுத்த வருஷம் இவனே இன்னொருவனைக் கட்டம் வாங்க அனுப்புவான். இப்படித்தான் பரம்பரை வளர்கிறது.

வெள்ளந்தியை அனுப்பினால் நடப்பதே வேறு. முதல் ஸ்டோரில் இல்லை என்றதும், "ரொம்ப நேரம் நின்னு வேலை பாக்கறீங்களே, கால் வலிக்கலியா?" என்று கேட்பான். ஸ்டோர்காரருக்கு இருபது வருஷ சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி. காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பெண் கல்யாணம் வரை சொல்லி முடிப்பார். இரண்டாவது கட்டடத்திலும் மூன்றாவதிலும் இதே கதை. சாயங்காலம் ஆகிவிடும். கொட்டகையில் எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

வருவான். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"எங்கேயும் ஸ்டாக் இல்லீங்க, கார்ப்பரல். அவசரம்னு சொன்னீங்களேன்னு நானே காகிதம் வாங்கி வெட்டிட்டேன். இப்போ இருநூறு இருக்கு. மிச்சத்தை ராத்திரிக்குள்ள தந்துடறேன்."

பெட்டிக்குள் எல்லாம் ஒரே அளவு கட்டங்கள். ஐம்பது ஐம்பதாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருப்பான். கத்தரிக்கோல் பிடித்த பெருவிரலில் கொப்புளம். திறந்த வாய்களை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி விளக்கணைக்கும் நேரத்தில் அந்தக் கார்ப்பரலே பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்லவும் வாய் வராது, எழுந்து போகவும் மனசு வராது.

குறும்பு என்பது மூன்று பேர் சேர்ந்து நடத்தும் வியாபாரம். செய்ய ஒருவன் வேண்டும், பார்த்துச் சிரிக்க ஒருவன் வேண்டும், அவமானப்பட ஒருவன் வேண்டும். வெள்ளந்தி மூன்றாவது நாற்காலியில் உட்கார மறுக்கிறான். பிடிவாதத்தால் அல்ல, அப்படி ஒரு நாற்காலி இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் அது காலியாகவும் கிடக்காது. எவன் இழுத்துப் போட்டானோ அவனே அதில் போய்ச் சரிகிறான். ராணுவ நகைச்சுவைத் தொடர்கள் வாராவாரம் சலிக்காமல் காட்டிய வேடிக்கை இதுதான்.

பைல் படையில் சேர்ந்த அந்த முதல் கதையிலேயே இது தொடங்கிவிடுகிறது. கார்ட்டர் அவன் தலையில் வாளியைக் கவிழ்த்து, மரீன் படைப் பாட்டைப் பாடச் சொல்கிறார். தகரத்துக்குள்ளிருந்து பாட்டு கணீரென்று வருகிறது. கூட வந்த மேபெரி ஷெரீஃப் ஆண்டிக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளை லூசியஸ் பைல் என்ற ஜெனரலின் மகன் என்று சார்ஜென்ட் காதில் ஒரு புளுகை ஊதிவிடுகிறார். அவ்வளவுதான். விரட்ட நினைத்தவர் விழுந்து விழுந்து கற்றுக்கொடுக்க ஆரம்பிக்கிறார். வாளி பைல் தலையில் இருந்தாலும் இருட்டில் நடந்தவர் கார்ட்டர்தான்.

இத்தனைக்கும் அது சாதாரணக் காலமல்ல. 1965 மார்ச்சில் அமெரிக்க மரீன்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கிவிட்டார்கள். செய்தி நேரத்தில் போர்க்களம், நகைச்சுவை நேரத்தில் பைல். தொடரில் மட்டும் வியட்நாம் என்ற பேச்சே கிடையாது. முகாமிலிருந்து யாரும் போருக்குப் போவதுமில்லை. கார்ட்டருக்கு அதற்கு நேரம் ஏது? பைலோடு நடத்தும் போரே முடிந்தபாடில்லை.

இதே இனத்தில் இன்னொரு வகையும் உண்டு. கொரியப் போரைக் களமாகக் கொண்ட 'மாஷ்' தொடரில், 1973 ஜனவரியில் கேப்டன் டட்டில் என்பவர் வந்தார். அநாதை இல்லத்துக்குச் சாமான்களைக் கடத்திக் கொடுப்பதற்காக, ஹாக்கை என்ற டாக்டர் காகிதத்திலேயே படைத்த ஆசாமி அவர். குறும்பு கைமீறிப் போனது. இல்லாத டட்டிலை நன்றாகத் தெரியும் என்று தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் சாதித்தார். மேஜர் பர்ன்ஸ் பொறாமையில் புழுங்கினார். தன் சம்பளம் முழுவதையும் அநாதைக் குழந்தைகளுக்கு எழுதிவைத்த உத்தமருக்குப் பதக்கம் குத்த ஜெனரலே புறப்பட்டு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல், பாரசூட் மாட்ட மறந்து ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார் என்று சொல்லி டட்டிலின் கணக்கை முடித்தார்கள். நடித்தோர் பட்டியலில் 'டட்டில்: அவரே' என்று போட்டார்கள். முகாமிலேயே தங்கமான மனுஷன் யார் என்று பார்த்தால், பிறக்காத ஒருவர்! பைலையாவது தொட்டுப் பார்க்க முடிந்தது.

தொட்டுப் பார்க்க முடிந்ததாலோ என்னவோ, நிஜப் பட்டாளமும் பைலை விடவில்லை. ஐந்து வருஷம் ஓடியும் தொடரில் சிப்பாய்க்கு மேலே ஏறாத பிள்ளை அவன். நேபர்ஸோ பட்டாளத்தில் வேலை பார்த்தவரே இல்லை. இரண்டாம் உலகப் போரில் தரைப்படையில் இருந்தவர் கார்ட்டராக நடித்த சட்டன்தான். ஆனால் 2001-ல் மரீன் படை நேபர்ஸைக் கௌரவ லான்ஸ் கார்ப்பரல் ஆக்கியது. 2007-ல் கார்ப்பரல். 2013-ல் சார்ஜென்ட்! 1974-லேயே காலமாகிவிட்டதால் இதைப் பார்க்கும் கொடுமை சட்டனுக்கு நேரவில்லை. கோமர் பைலையா சார்ஜென்ட் ஆக்கினார்கள், யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் கார்ட்டர் கத்தியிருப்பார். விளையாட்டாகவே இருந்தாலும் பைலுக்கு என்ன நஷ்டம்? பட்டையைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு, நன்றி சொல்ல நேரே கார்ட்டர் வீட்டுக்குத்தான் போயிருப்பான்.