நாலு ஸ்குரூ கிடார்

கச்சேரிக்கு எந்த எலக்ட்ரிக் கிடார் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வரும் பெரம்பலூர், அரியலூர்ப் பையன்கள் முதலில் மரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். "அண்ணே, மஹாகனி எடுக்கலாமா, ஆல்டர் எடுக்கலாமா?" எல்லாம் யூடியூப் செய்கிற வேலை. ஒரு திருவிழாவுக்கு வந்து நின்று கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும்போது மஹாகனி என்ன, மாமரம் என்ன, எல்லாமே தகரம்தான்.

நான் பார்ப்பது வேறு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கெட்டுப்போகிற கிடாரை ஒன்பது மணிக்குள், நம்ம ஊரில், நமக்குத் தெரிந்த ஆளை வைத்துச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அது நல்ல கிடார். முடியாதென்றால் அது எவ்வளவு நல்ல கிடாராக இருந்தாலும் அமெரிக்காவிலேயே இருக்கட்டும்.

விலையையும் பேசிவிடுவோம். ஒரு கச்சேரிக்கு என் கைக்கு என்ன வருகிறது என்று இங்கே எழுதலாம். மாமனார் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள், அதனால் வேண்டாம். பங்குனி, சித்திரை, ஆடியில் கோயில், முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன், நடுவில் காதுகுத்து, மார்கழியில் சும்மா. இந்த வரும்படியில் பத்தாயிரத்துக்கு மேலே போகிற எதுவும் வாத்தியம் இல்லை, தவணை.

முன்பு இந்த விலைக்கு வேறு வழியே கிடையாது. கொல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன்தான் பலருக்கும் கதி. கிப்சனுக்கும் கிவ்சனுக்கும் பெயரில் ஒரே எழுத்து வித்தியாசம், விலையில் எத்தனையோ சைபர் வித்தியாசம். இப்போது காலம் மாறிவிட்டது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் கோர்ட் என்றொரு கம்பெனி தன் பெயரிலும் கிடார் செய்கிறது, பெரிய பெயர்க்காரர்களுக்கும் செய்துகொடுக்கிறது. கம்ப்யூட்டர் சொல்கிற இடத்தில் இயந்திரம் அறுக்கிறது. அதனால் மலிவுக் கிடாரிலும் ஃப்ரெட் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மேலே போகப் போகச் சுருதி ஊரைவிட்டு ஓடுவதில்லை. கழுத்தோரம் மட்டும் கையை ஓட்டினால் தேங்காய் துருவியில் ஓட்டிய மாதிரி இருக்கும். பெரம்பலூர் வெயிலுக்கு மரம் சுருங்கும், ஃப்ரெட் கம்பி சுருங்குமா? முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. அதற்கு ஒரு சின்ன அரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

காலை வாருவதெல்லாம் பத்து ரூபாய்ச் சாமான்கள். ஒயர் சொருகும் ஜாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 6.35 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் நாளெல்லாம் சொருகிப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே வம்சம். அவர்கள் கையில் அது தாங்கியது. என் கிடாரில் இருப்பது, பேஸ் வாசிப்பவர் ஒயரை ஒரு மிதி மிதித்தால் உள்ளுக்குள்ளேயே சுழன்றுவிடும். அப்புறம் இடுப்பை ஒரு கோணத்தில் நிறுத்தி வைத்தால்தான் சத்தம் வரும். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ரிசப்ஷனில் கச்சேரி முழுக்க அப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வாசித்து முடித்தேன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் வீட்டுப் பெரியவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, மூலத்துக்குத் துத்திக்கீரை நல்லா கேக்கும்."

அடுத்தது இரைச்சல். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி. மேலே ஸ்டிரிங் அதிர்வதைப் பிடிக்கிற அதே சுருள், அக்கம்பக்கத்தில் ஓடுகிற கரண்டையும் பிடிக்கும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்துவிட்டால் இரைச்சலும் இரைச்சலும் அடித்துக்கொண்டு ஒழியும், பாட்டு மட்டும் மிஞ்சும். என்னுடையது ஒற்றைச் சுருள்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. மேடையை ஒட்டிப் பனைமர உயரத்துக்கு அம்மன் உருவத்தில் சீரியல் செட். அம்மன் சூலத்தைத் தூக்கி இறக்க, தூக்கி இறக்க, என் கிடார் 'ர்ர்ர்... ர்ர்ர்...' என்று ஒரு கணக்கோடு இரைய ஆரம்பித்தது. நான் ஸ்டிரிங்கைத் தொடவே இல்லை. டிரம்ஸ்காரர் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் கீபோர்டில் உடுக்கைச் சத்தத்தைச் சேர்த்தார். முன்வரிசையில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. விழாக் குழுத் தலைவர் மேடை ஏறி, பாடியவர்களையெல்லாம் தாண்டி வந்து எனக்கு மட்டும் துண்டு போர்த்தினார்.

மறுநாள் கிடாரின் வயிற்றைத் திறந்து, பிரியாணி மடிக்கிற அலுமினிய ஃபாயிலை உள்ளே ஒட்டி எர்த் கொடுத்தேன். இரைச்சல் நன்றாகவே குறைந்தது. துண்டுதான் அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் போனால் சிக்கலே வேறு. ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த பூமி. அதனால் சுண்ணாம்புக்கல், அதனால் சிமெண்ட் ஆலை, அதனால் லாரி, அதனால் புழுதி. அந்தப் புழுதி வால்யூம் குமிழுக்குள் இறங்கிவிட்டால் திருகும்போதெல்லாம் கரகரவென்று கேட்கும். டைனோசர் காலத்துச் சிப்பியும் நத்தையும் பொடியாகி என் வால்யூமில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் காண்டாக்ட் கிளீனர் அடித்து வெளியேற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் எனக்கு வைத்தியர் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு டிவி மெக்கானிக். டிவியெல்லாம் தட்டையாகிச் சுவரில் ஏறிக்கொண்ட பிறகு அவர் கடைக்குப் போகிறவை மிக்சி, எமர்ஜென்சி லைட், நான். கிடாரில் ஒரு ஸ்வரம் வாசிக்கத் தெரியாது அவருக்கு. "வாசிக்கத் தெரியாத ஆளிடமா கொடுக்கிறாய்?" என்று குழுவில் கேலி செய்வார்கள்.

லியோ ஃபெண்டருக்கும்தான் தெரியாது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் அவர். உள்ளூர் வாத்தியக்காரர்கள் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவார்கள். எது எங்கே உடையும் என்று பார்த்துப் பழகிய கை. அந்தக் கை 1950-ல் ஒரு கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்குரூ வைத்து முடுக்கியது. கழுத்து கோணினால் கழற்று, வேறொன்றை மாட்டு, வேலை முடிந்தது. அடுத்து 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒயர், பிக்கப், சுவிட்சு எல்லாம் மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டில். தகட்டைத் தூக்கினால் எல்லாம் கையோடு வந்துவிடும். நம் கடைகளில் தொங்குகிற மலிவுக் கிடார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பேரன் பேத்திகள்தான். ஒரு ரேடியோ மெக்கானிக் வரைந்த படம் பெரம்பலூர் டிவி மெக்கானிக்குப் புரியாமல் போகுமா? முதல்முறை என் கிடாரைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானாண்ணே? பழைய பிலிப்ஸ் ரேடியோவுல இதவிட அதிகமா இருக்கும்" என்றார். ஈயத்தைத் தொட்டு வைத்தார். டீ ஆறுவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

நிறத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். கீபோர்டுக்குள்ளேயே கிடார் சத்தம் இருக்கிறது என்பதை மாஸ்டர் சம்பளம் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவூட்டுவார். ஆனால் விழாக் குழு விடாது. போஸ்டரில் கிடார் படம் போட்டிருக்கிறது, மேடையில் கிடார் எங்கே என்று மீதிப் பணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே சிவப்பு, பளபளப்பு, கடைசி வரிசைவரைக்கும் தெரிய வேண்டும். என் பிழைப்பில் பாதி அந்தப் பெயிண்ட் சம்பாதித்தது.

இந்தப் பங்குனியோடு ட்யூனிங் கீ இரண்டு பல் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் யோசனை கேட்டேன்.

"வேற மாடலுக்குப் போயிடாதீங்கண்ணே. இதே மாடல் வாங்குங்க. பழச நான் எடுத்துக்கறேன்."

"நீங்க என்ன, வாசிக்கப் போறீங்களா?"

"அட ஸ்பேருக்குண்ணே. அரியலூர்லேருந்து ஒருத்தர் இதே கிடாரத் தூக்கிட்டு வந்தாரு. உங்கள மாதிரியேதான், ஒரு பக்கமா சாஞ்சி வாசிக்கறாராம்."