ஒன்றரைப் பக்க மாமா

கோபாலபுரத்தில் தெருவுக்கு ஒரு மாமா இப்படி இருப்பார். ரிட்டயர்டு. கைவைத்த பனியன், நாலு முழ வேட்டி, அக்குளில் ஒரு புத்தகம். நாவல் என்றால் ஆகாது. "ஐந்நூறு பக்கம் கூடவே நடந்து போனா, கடைசியில அவளைக் கொன்னுடறான்!" ஒன்றரைப் பக்கக் கட்டுரை என்றால் உயிர். எஸ்.வி.வி., தேவன், தி.ஜ.ர., சுஜாதாவின் 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்' எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

சரக்கு வருவது 1955லிருந்து பேட்டையில் இருக்கும் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியிலிருந்து. அது இருக்கும் தெருவுக்கு அவ்வை சண்முகம் சாலை என்று போர்டு மாறி எவ்வளவோ காலமாகியும் மாமாவுக்கு இன்னும் லாயிட்ஸ் ரோடுதான்.

தற்போதைய பைத்தியம், பிரீஸ்ட்லி என்ற ஆங்கில எழுத்தாளர் 1949ல் போட்ட 'டிலைட்'. சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றி 114 குட்டிக் கட்டுரைகள். நான் ஒரு முணுமுணுப்புப் பேர்வழி என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார் மனுஷர். மாமா விழுந்தது அந்த இடத்தில்தான். சந்தோஷப்படுவதற்காகப் புலம்பலை விட வேண்டியதில்லையே! ஆகவே காலை ஒன்பது வரை தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன், கார்ப்பரேஷன். அதற்குப் பிறகு டிலைட்.

மாமி கையால் காபி வருகிறது. ஆள்காட்டி விரல் உயர்கிறது.

"உஸ்... நுரை உடையற சத்தம் கேக்கறதா?"

"சத்தம் கேட்டது போதும், குடிங்கோ. ஆறினா மறுபடி சுட வெக்க மாட்டேன்."

ஆறுகிறது. காபி சரியில்லை என்று ஒரு புலம்பல், அட்டவணைக்கு வெளியே.

போன மே மாதம் திடீரென்று கோடை மழை. மண்வாசனை பிடிக்க மாமா மொட்டை மாடிக்கு ஓடினார். நல்ல வேளை, மேலே ஆள் இருக்கிறது என்று மாமி நிம்மதியாக இருந்துவிட்டாள். கால் மணி கழித்து மாமா சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். லைப்ரரி புத்தகம் பனியனுக்குள் பத்திரம். மாடியில் விரித்த வேட்டியில் மாமி பிழிந்து வைத்திருந்த வடாம் மறுபடி கூழாகியிருந்தது.

வேறு யாராவது என்றால் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே, "உனக்கு எதுலடி டிலைட்?" என்றார்.

"நீங்க லைப்ரரிக்குப் போற அந்த ஒரு மணி நேரம்."

"அடடா! பிரீஸ்ட்லிக்கு இது தோணலையே!" என்று பேனாவைத் தேடினார். 115 என்று நம்பர் போட்டு எழுதியும் வைத்துக்கொண்டார்.