சட்டை கழற்றிய நாயகனும் பெயர் மறைத்த ஆசிரியரும்: ஒரு தலைகீழ் விகித ஆய்வு

அமெரிக்க மின்னூல் கடையில் கௌபாய் காதல் நாவல்கள் இருக்கும் பகுதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுபவை இரண்டு. நாயகன் தலையில் தொப்பி இருக்கிறது. உடம்பில் சட்டை இல்லை. கதை நடப்பது வெயில் கொளுத்தும் டெக்சஸ் ஆனாலும் சரி, பனி கொட்டும் மொன்டானா ஆனாலும் சரி, இந்த ஏற்பாடு பெரும்பாலும் மாறுவதில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றி வைத்திருக்கும் கௌபாயைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனிப் பொறுமை வேண்டும். கம்பனின் ஒரு சொல்லுக்கு மூன்று முனைவர் பட்டம் தரும் உலகம் இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பது வருத்தத்துக்குரியது. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

அட்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஆசிரியர் பெயரும் கவனத்துக்குரியது. இந்த நாவல்களை எழுதுவோரில் கணிசமானவர்கள் வேறு ஊரிலிருந்து குடிவந்தவர்கள். துப்பறியும் கதை எழுதியவர்கள் உண்டு, சரித்திர நாவல் எழுதியவர்கள் உண்டு. மூன்று தீவிர நாவல் எழுதி, நல்ல மதிப்புரை வாங்கி, நான்காவதற்குப் பதிப்பாளர் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. இப்போது தாங்களே எழுதி, தாங்களே வெளியிடுகிறார்கள். ஆனால் அட்டையில் பழைய பெயரைப் பார்க்க முடியாது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கருதுகோள் தானாக உருவாகிறது: அட்டையில் நாயகன் எவ்வளவு களைகிறானோ, அவ்வளவு ஆசிரியர் போர்த்திக்கொள்கிறார். இதைத் தலைகீழ் விகித விதி எனலாம். பெயர் சூட்டியாகிவிட்டது, நிரூபிப்பதுதான் பாக்கி.

வரலாற்றுச் சான்றுகள் தொடக்கத்தில் நன்றாகவே ஒத்துழைக்கின்றன. இந்த வகைக்கு அடித்தளம் போட்ட நூல் 1902இல் வெளிவந்த ‘தி வர்ஜினியன்’. அதன் நாயகன் கடைசிவரை பெயர் சொல்லப்படாத ஒரு வயோமிங் கௌபாய். நாயகி வெர்மான்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை. எழுதிய ஓவன் விஸ்டர், ஹார்வர்டில் படித்த ஃபிலடெல்ஃபியா வழக்கறிஞர். உடல்நிலை தேறுவதற்காக 1885இல் வயோமிங் போனவர், திரும்பும்போது ஆரோக்கியத்தோடு ஓர் இலக்கிய வகையையும் கொண்டுவந்தார். நாயகன் கண்ணியமாக உடுத்தியவன். ஆசிரியர் தன் சொந்தப் பெயரைக் கூசாமல் போட்டுக்கொண்டார். விதி நிற்கிறது. இங்கே ஒரு கிளைச் செய்தி: கௌபாய் தொப்பி என்று உலகம் அறிந்ததன் மூதாதையை 1865இல் செய்து விற்கத் தொடங்கிய ஜான் ஸ்டெட்சனின் தொழிற்சாலையும் அதே ஃபிலடெல்ஃபியாவில்தான் இருந்தது. தொப்பியும் நாவலும் ஒரே கிழக்குக் கரை நகரத்திலிருந்து மேற்கே ஏற்றுமதி ஆகியிருக்கின்றன. லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரைத் தெரிந்துகொண்ட தமிழ் வாசகர்களுக்குக் கௌபாய் வேறு ஊரில் பிறப்பது புதிதாக இராது. அந்த டெக்சஸ் வீரன் 1948இல் பிறந்தது இத்தாலியில். அவனுடைய மஞ்சள் சட்டை இந்த ஆய்வின் எல்லைக்குள் வராத அளவுக்கு ஒழுங்காகப் பொத்தான் போட்டது.

சொந்தக் காசில் நூல் போடும் வழக்கம் மின்னூலோடு வந்தது என்று நினைப்பவர்கள் நியூயார்க்கின் ஒரு பல் மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் பெர்ல் கிரே. பல் பிடுங்கும் நேரம் போக மீன் பிடிப்பதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பிறகு துறை மாறி, 1782இல் ஹென்றி கோட்டை முற்றுகையின்போது குண்டுமழைக்கு நடுவே வெடிமருந்து கொண்டுவந்த தன் குல மூதாட்டி பெட்டி சேனைப் பற்றிக் காதல் கலந்த நாவல் ஒன்று எழுதினார். பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். 1903இல் தானே அச்சிட்டார். அட்டையையும் தானே வரைந்தார். இன்று சுயபதிப்பு எழுத்தாளர் செய்யும் அத்தனை வேலைகளையும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு கையில் குறடோடு செய்து முடித்த அவரைத்தான் உலகம் சேன் கிரே என்று அறிகிறது. முதல் பெயரான பெர்லை அவர் வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டார். பெயரில் பாதி போனது என்றால், நாயகனின் சட்டையில் எத்தனை பொத்தான் போயிருக்கும் என்று கணக்கிட முடியும், இடமின்மையால் தவிர்க்கப்படுகிறது.

பி. எம். பவர் விவகாரம் இன்னும் சுவையானது. 1906இல் நூலாக வந்த ‘சிப் ஆஃப் தி ஃப்ளையிங் யு’ கதையில், மொன்டானா பண்ணைக்கு ஒரு பெண் மருத்துவர் வருகிறார், கௌபாய் அடிபட்டுப் படுக்கிறான், மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். மீதியை வாசகர் ஊகிக்கலாம். எழுதியவர் பெர்த்தா மஸி பவர் என்ற பெண். கௌபாய் கதையைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விற்காது என்ற அச்சத்தில் முதலெழுத்துகள் மட்டும் போடப்பட்டன. வாசகர்களும் எழுதியவர் ஆண் என்றே நம்பினார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துக் காற்று எதிர்த் திசையில் வீசியது. ‘செவன் பிரைட்ஸ்’ வரிசையில் கௌபாய் சகோதரர்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துவைத்த லீ கிரீன்வுட் உண்மையில் ஹெரால்ட் லோரி என்ற ஆண். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். ஆண் எழுதிய காதலை வாங்குவார்களா என்ற அதே கவலைக்கு, ஆணா பெண்ணா என்று சொல்லாத ஒரு பெயர் மருந்தானது.

இனி ஒரு சிக்கல். 1950ஐ ஒட்டி ஹாப்பலாங் கேசிடி என்ற கௌபாயைப் பற்றி நான்கு நாவல்கள் ‘டெக்ஸ் பர்ன்ஸ்’ என்ற பெயரில் வந்தன. எழுதியவர் லூயி லமூர், பிற்காலத்தில் மேற்கத்திய நாவலின் பெரிய பெயர். அவை தன்னுடையவை என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1988இல் அவர் இறந்த பிறகுதான் அவர் பெயரோடு மறுபதிப்பு வந்தது. ஆனால் ஹாப்பலாங் கழுத்துவரை கறுப்பு உடுப்பு மாட்டியவன்! விதி இங்கே ஆட்டம் காண்கிறது. நல்லவேளை, சான்றுகளே கைகொடுக்கின்றன. கேசிடியை முதலில் படைத்த கிளாரன்ஸ் மல்ஃபோர்டின் கதைகளில் அவன் முரடன். லமூருக்கு அந்த முரடனைத்தான் பிடித்தது. பதிப்பாளர்களோ திரைப்படத்தில் வில்லியம் பாய்ட் நடித்த நாசூக்கான, கறுப்புடைக் கனவானைத்தான் கேட்டார்கள். ஆகவே விதி இப்படித் திருத்தப்படுகிறது: நாயகனுக்கு ஆசிரியர் விரும்பாத உடுப்பை மாட்டினாலும், கழற்றினாலும், பெயர் மறையும். திருத்திய வடிவத்தை மறுக்க யாராலும் முடியாது என்பது அதன் கூடுதல் சிறப்பு.

சரி, சட்டை எப்போது போனது? உண்மையான கௌபாய்களை இதில் குற்றம் சொல்ல முடியாது. டெக்சஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிவரை மாடு ஓட்டிய காலத்தில் அவர்கள் தடித்த சட்டை, அதன்மேல் அரைக்கோட்டு, புழுதிக்குக் கழுத்துத் துணி, முள்ளுக்குத் தோல் கால்மறைப்பு என்று அடுக்கடுக்காகத்தான் போட்டிருந்தார்கள். ‘ராஞ்ச் ரொமான்சஸ்’ என்ற மலிவு இதழ் 1924இல் தொடங்கி 1971வரை கௌபாய் காதலை விற்றது. அதன் அட்டைகளில் சட்டை பத்திரமாகவே இருந்தது. பிற்பாடு காதல் நாவல் அட்டை ஓவியர்கள் பொத்தான்களைத் தளர்த்தத் தொடங்கினார்கள். ஃபாபியோ என்ற நீளமுடி மாடலின் காலத்தில் சட்டை காற்றில் பறந்துகொண்டாவது இருந்தது. 2007 நவம்பரில் கிண்டில் என்ற மின்னூல் படிப்பான் வந்தது. கடைப் பட்டியலில் அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. அந்த அளவில் மலையும் தெரியாது, மாடும் தெரியாது, குதிரை நாயைப் போலிருக்கும். தொப்பி தெரியும், இது கௌபாய் கதை. வெற்று மார்பு தெரியும். இது காதல் கதை. இரண்டே குறிகளில் நூலின் வகை சொல்லி முடிந்தது. ஒரே மாடலின் படத்தைப் பலரும் வாடகைக்கு வாங்குவதால் முகத்தை மூக்கோடு வெட்டிவிடுவதும் உண்டு. சட்டை அவிழ்ந்தது காமத்தால் மட்டுமல்ல, இடநெருக்கடியாலும்தான்.

துறை மாறியவரின் வருமானத்தையும் பார்த்துவிட வேண்டும். கிண்டில் கடையில் மின்னூலை 2.99 டாலருக்கு விற்றால் 70 விழுக்காடு, ஏறத்தாழ இரண்டு டாலர், ஆசிரியருக்கு. மாதச் சந்தா வாசகர்கள் படித்தால் கணக்கு வேறு: 2015 ஜூலையிலிருந்து படித்த பக்கத்துக்குத்தான் காசு, பக்கத்துக்கு அரை சென்ட்டை ஒட்டி. முந்நூறு பக்க நாவலை முப்பது பேர் முழுதாகப் படித்தால் நாற்பது டாலரை ஒட்டி வரும். 1870களில் கௌபாயின் மாதச் சம்பளமும் முப்பதிலிருந்து நாற்பது டாலர்தான். கதாபாத்திரத்துக்கும் ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் கிடைப்பது உலக இலக்கியத்தில் அபூர்வம். பணவீக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் இந்த அழகிய முடிவு கெட்டுவிடும் என்பதால் சேர்க்கப்படவில்லை.

தீவிர நாவலிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இடறுவது பணத்தில் அல்ல, முடிவில். காதல் நாவல் என்றால் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கையூட்ட வேண்டும் என்று மேற்படி எழுத்தாளர் சங்கமே வரையறுத்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் நாயகியை ரயில் நிலையத்தில் நிற்கவைத்து மழை பெய்யவிட்டே பழகியவருக்கு இது கடினம். சேன் கிரே 1912இல் ‘ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்’ நாவலில் இதைத் தீர்த்த விதம் பாடநூலில் வைக்கத் தக்கது. துரத்துபவர்கள் நெருங்கிவிட்டார்கள், நாயகன் லாசிட்டர் மேலிருக்கும் பெரும் பாறையை உருட்டிக் கணவாயை அடைத்துவிடுகிறான். எதிரிகளுக்கு வழி போனது. உள்ளே இருக்கும் நாயகிக்கும் அவனுக்கும் வெளியே வர வழியும் போனது. பிரிவுக்கு வாய்ப்பே இல்லாத இன்பமுடிவு. வாசகர் புகார் சொல்லவும் வழியில்லை. ஆனால் மற்ற விஷயங்களில் இந்த வாசகர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். பண்ணையிலேயே வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. வலப்பக்கமாகக் குதிரை ஏறும் நாயகனையும், கன்று ஈனும் பருவத்தில் பத்து நாள் தேனிலவு போகும் பண்ணைக்காரனையும் அவர்கள் மன்னிப்பதில்லை. சட்டை இல்லாததை மன்னிக்கிறார்கள்.

ஓர் எதிர்வாதத்தைப் பதிவு செய்வது ஆய்வறம். சுயபதிப்பாளர்களைக் கேட்டால், பெயர் மாற்றத்துக்கும் வெட்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். கடையின் இயந்திரம், இதை வாங்கியவர் வேறு எதை வாங்கினார் என்று பார்த்துத்தான் அடுத்த ஆளுக்குப் பரிந்துரைக்கிறது. பழைய பெயரிலேயே கௌபாய் நாவல் போட்டால், பழைய வாசகர்களும் பெரியம்மா மகளும் கல்லூரித் தோழரும் பாசத்தில் வாங்கிவிடுவார்கள். இயந்திரம் குழம்பி, கௌபாய் நாவலைப் போர் வரலாறு படிப்பவரிடம் கொண்டுபோய் நீட்டும். காதல் வாசகருக்கு அது கண்ணிலேயே படாது. அதனால்தான் புதிய பெயர், உறவினர்களுக்கு வாய்திறவாமை. விளக்கம் தெளிவாகவும் எளிமையாகவும் இருக்கிறது. தலைகீழ் விகித விதியின் துணையே அதற்குத் தேவைப்படவில்லை. அந்தக் காரணத்தினாலேயே அது இந்தக் கடைசிப் பத்திக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.