பழைய பெட்டிக்கு அகராதி தேடும் தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. சுங்கை பட்டாணி பழைய இரும்புக் கடையில கொமடோர் 64 ஒண்ணு வாங்கியிருக்கியாம். உங்க மாமன் பீடோங் முழுக்க 'பய காசக் கரியாக்கிட்டான்'னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல பெட்டி. 1982-ல வந்தது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. திருடன் வந்தா ஒரு கையிலயே தூக்கிட்டுப் போயிடலாம். வர மாட்டான், அவனுக்கு விலை தெரியும்.

இப்ப அதுக்குத் தமிழ் அகராதி வேணும்னு பினாங்கு வரைக்கும் அலைஞ்சியாமே? ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. உன் கைப்பேசியில தமிழ் அகராதி இருக்கு. அதைத் தொறந்து கடைசியா எந்தச் சொல்லப் பாத்த? சரி, மூஞ்சியத் தூக்காத. தேடு. தேடுறதுக்கு முன்னாடி என்கிட்டக் கொஞ்சம் கணக்குக் கேட்டுக்கிட்டுப் போ. நான் ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோர்ல கிராணியா இருந்தவன். வாளியில பாலோட தண்ணி எவ்வளவு வந்திருக்குன்னு மெட்ரோலாக்க மிதக்க விட்டுப் பாத்து எழுதினவன். உன் ஆசையில எத்தன பங்கு தண்ணின்னு பாக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதின்னு ஒண்ணு இருக்கு. 1924-லருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது. 1926-லருந்து வையாபுரிப் பிள்ளைதான் பதிப்பாசிரியர். ஒரு லட்சத்துக்கு மேல சொல்லு. நம்ம கஞ்சத்தனமாவே கணக்குப் போடுவோம்: ஒரு சொல்லுக்குப் பொருளோட சேத்து 100 எழுத்து. ஆக ஒரு கோடி எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட்டுன்னு வச்சுக்க. உன் பெட்டிக்குச் சொருகுற ஃபிளாப்பித் தட்டு ஒரு பக்கத்துக்கு 170 கிலோபைட்தான் புடிக்கும். வகுத்துப் பாரு, 60 பக்கம் கிட்ட வருது. கொமடோர் தட்டு ஓட்டி ஊர்ந்து போற சாதி. ஒரு பக்கத்த முழுசாப் படிக்க ஏழு நிமிஷம் கேக்கும். 60 பக்கத்துக்கு ஏழு மணி நேரம். காலையில பிரட்டுல பேர் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு சொல்லத் தேட ஆரம்பிச்சா, பால் நிறுத்து முடியுற நேரத்துக்குப் பொருள் கிடைக்கும். நடுவுல மின்சாரம் போகாம இருந்தா.

பெட்டியோட நினைவு எவ்வளவு? 64 கிலோபைட். தோட்டத்துப் பால் மொத்தத்தையும் ஒரே மங்குல ஊத்தப் பாக்குற தம்பி நீ.

'இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் இருந்துச்சே'ம்ப. இருந்துச்சு. ஆனா என்ன இருந்துச்சுன்னு பாரு. அந்தக் காலத்து வீட்டுப் பெட்டியில அகராதின்னு வித்ததுல நிறைய வெறும் சொல் பட்டியல். பொருள் கிடையாது. நீ எழுதினது பட்டியல்ல இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லும், அவ்வளவுதான். 1985-ல போர்லண்ட் கம்பெனி 'டர்போ லைட்னிங்'னு ஒண்ணு விட்டான். ஐபிஎம் பெட்டியில நீ தட்டத் தட்டவே பிழையப் புடிச்சுச் சத்தம் போடும். பொருளோட முழு அகராதின்னா குறுந்தட்டும் ஒளித்தட்டும் வந்த பிறகுதான். 1988-ல ஸ்டீவ் ஜாப்ஸ் கொண்டாந்த நெக்ஸ்ட் பெட்டிக்குள்ள வெப்ஸ்டர் அகராதி இருந்துச்சு. அதே வருசம் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் குறுந்தட்டுல வந்துச்சு. அதோட ரெண்டாம் பதிப்புக்காக அமெரிக்காவுல 120 பேரு உக்காந்து 35 கோடி எழுத்துக்கு மேல கையால தட்டுனாங்க. ஆமா, கையால. மிஷினு தானாப் படிச்சுக்கிச்சுன்னு நினைச்சியா?

நமக்கு வெறும் பட்டியலும் உதவாது. இங்கிலீஷ்ல ஒரு சொல்லுக்கு வாலு நாலஞ்சு இருக்கும். நம்ம ஆளு 'வீடு'ன்னு ஆரம்பிச்சு 'வீட்டுலருந்துதானே'ன்னு முடிப்பான். அத்தனை வாலையும் பட்டியல்ல போட்டா, உன் 60 பக்கம் 600 ஆகும். அதனால தமிழுக்கு வாலை வெட்டி வேரைப் புடிக்கிற நிரல் வேணும். அத 64 கிலோபைட்ல எழுத முடிஞ்சவன் எவனாவது இருந்தா, எனக்கும் அறிமுகப்படுத்து.

அப்ப இந்த நாட்டுல தமிழ் எதுலதான் ஓடுச்சு? முத்து நெடுமாறன் 1980-கள் நடுவுல முரசு மென்பொருள ஆரம்பிச்சாரு. நம்ம மலேசியப் பிள்ளை. அது ஓடுனது ஐபிஎம் வகைப் பெட்டியில. உன் கொமடோருக்கும் அதுக்கும் சம்பந்தம் பேச முடியாது, சாதகம் பொருந்தாது.

இன்னொரு புத்தி. அலையுற அலைச்சல்ல எந்த வீட்டு அலமாரியிலாவது பழைய தட்டு கிடைச்சா, சந்தோசத்துல ஓடிப்போய்ச் சொருகிடாத. அந்த நீள ஓட்டை வழியா பழுப்பு வட்டத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துல பாரு. கெடா ஈரத்துக்கு அதுமேல வெள்ளைப் பொட்டு பூத்திருக்கும். பூசணம். அதோட சொருகுனா படிக்கிற தலையில அப்பிக்கும். அடுத்து நல்ல தட்டப் போட்டாலும் அதையும் கீறி வைக்கும். அப்புறம் மாமன் சொன்னது உண்மையாயிடும்.

பூசணம் இல்லாம தொறந்தாலும் தமிழ் தெரியும்னு நம்பாத. அப்பல்லாம் ஒவ்வொருத்தன் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. இந்தாளு அடிச்ச 'அம்மா'வ அந்தாளு பெட்டியில தொறந்தா வால் முளைச்ச ஐரோப்பிய எழுத்தும் டாலர் குறியுமா நிக்கும். இப்ப யூனிகோடு வந்து அந்தக் கலவரம் அடங்கிடுச்சு. அதுலயும் ஒரு வேடிக்கை பாரு. 'ன' பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு. யூனிகோடுல முன்னாடி வந்து 'ந'வுக்குப் பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. 'ற'வும் அப்படித்தான், 'ர'வ ஒட்டிக்கிட்டு. அந்த எண் வரிசைய நம்பி அகராதிய அடுக்குனா, வாத்தியாரு உன்னத்தான் பெஞ்சு மேல ஏத்துவாரு.

சரி, அந்தத் தமிழ்ப் பேரகராதிய யாரு முழுசாக் கம்ப்யூட்டர்ல ஏத்துனான்னு கேளு. சென்னைக்காரன்னு சொன்னா உனக்கு ரெண்டு வடை கிடையாது. ஜெர்மனி. கொலோன் பல்கலைக்கழகத்துல தாமஸ் மால்டன்னு ஒருத்தரு இருந்து நடத்துனாரு. தமிழ் எழுத்துல கூட இல்ல, ரோமன் எழுத்துல. பெரிய 'டி' போட்டா ட, சின்ன 'டி' போட்டா த. சிக்காகோ பல்கலைக்கழகத்துலயும் வச்சிருக்கான்: பேரகராதி, 1862-ல வந்த வின்ஸ்லோ அகராதி, ஃபெப்ரிசியஸ் அகராதின்னு வரிசையா. காசு கேக்குறதில்ல. நம்ம சரக்குதான், காவல்காரன் வெள்ளைக்காரன். தோட்டத்துல பொறந்தவனுக்கு இது ஒண்ணும் புதுசில்லயே.

இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. நம்ம சுங்கை பட்டாணியிலேயே டாக்டர் ஜெயபாரதி இருந்தாரு. வைத்தியரு. 'அகத்தியர்'னு மின்னஞ்சல் குழு வச்சு, கடாரம், சோழரு, சித்தருன்னு எழுதித் தள்ளுனாரு. வெளிநாட்டுத் தமிழனெல்லாம் மடல் போட்டு அவருகிட்டச் சந்தேகம் கேட்டான். நம்ம ஆளுங்களுக்கு அவரு பேரு நினைவுக்கு வந்தது காய்ச்சல் வந்தப்பத்தான். இப்ப அவரு இல்ல. பெட்டிக்குள்ள அகராதி இல்லைன்னு நீ வருத்தப்படுற பாரு, அதுல கொஞ்சத்த இதுக்கும் ஒதுக்கு.

ஆனா உன்னை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அந்தப் பெட்டிய ஏத்துனதும் நீல வண்ணத் திரையில ஒரு வரி வரும்: பேசிக் நிரலுக்கு 38,911 பைட் இடம் இருக்குன்னு. மறைக்காம சொல்லிடும், அவ்வளவு நேர்மை. அதுல எழுத்து வடிவத்த நீயே மாத்திக்கலாம். 256 வடிவத்துக்கு இடம், ஒவ்வொண்ணும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. தமிழுக்கு 247 எழுத்து. மிச்சம் ஒம்பது. பத்து எண்ணுல எதைக் கழிச்சுக் கட்டுவன்னு முழிப்ப. முழிக்காத. 'கா'வுக்குத் தனியாப் படம் வேண்டாம். க போட்டுக் கால் போட்டாப் போதும். உயிர் 12, ஆய்தம் 1. புள்ளி வச்சது 18, வைக்காதது 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம், ஒவ்வொண்ணுலயும் 18. அப்புறம் கால், ரெண்டு வகைக் கொம்பு, ஐகாரச் சுழி. மொத்தம் 125. விரல் விட்டு எண்ணிக்கோ. பாதி இடத்துக்கு மேல மிச்சம். எண்ணு, கமா, கேள்விக்குறி எல்லாத்தையும் குடி வைக்கலாம். 'ஞ'வ எட்டுக் கட்டத்துக்குள்ள அடக்குறப்ப உனக்கு வேர்க்கும். 'ணூ' வந்தா ரெண்டு கட்டம் எடுத்துக்க, வெக்கப்படாத.

வடிவத்துக்கு 2,048 பைட் போச்சு. சொல்லுக்கு 100 பைட்டுன்னா 300 சொல்லுக்கு 30,000. மிச்சத்துல நிரல எழுதிடலாம். ஒரே தட்டுல அடங்கும், 60 வேண்டாம்.

எந்த 300-ன்னு கேக்குற. தோட்டத்துச் சொல்லப் போடு. பிரட்டுக்களம், ஒட்டுப்பால், மங்கு, நிரை, தண்டல். கொலோன்காரன் தட்டுனதுல இதுல எத்தன இருக்கு, இருக்கிறதுக்கும் நம்ம பொருளத்தான் போட்டிருக்கானான்னு இன்னிக்கு ராத்திரி தட்டிப் பாரு. நம்ம பக்கம் கித்தா மரத்த அழிச்சுச் செம்பனை நட்டப்புறம் இதப் பேசுற வாயி கொறைஞ்சு போச்சு. லூனாஸ்ல, பாடாங் செராய்ல, கூலிம்ல தாமான் வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கிற கிழவிங்ககிட்டப் போ. 'ஆச்சி, அந்தக் காலத்துல'ன்னு ஆரம்பி, போதும். ஒலிப்பதிவு பண்ண மறக்காத. பாதி வசவாத்தான் வரும், அதையும் அகர வரிசையில போட்டுக்க.

என்கிட்டயும் ஒரு அம்பது இருக்கு. முதல் அஞ்சு இப்பவே சொல்லிட்டேன், சும்மா. மிச்சத்துக்கு சொல்லு ஒண்ணுக்கு ஒரு வெள்ளி. அதுக்கு முன்னாடி அந்த ஒட்டுக்கடையில பசியாற ஏதாவது வாங்கிட்டு வா. வடை சூடா இருந்தா விலையப் பத்திப் பேசலாம்.