ரூமுக்கு எத்தனை பேர்?

"உள்ளே டிஎல்சியா, க்யூஎல்சியா தம்பி?" என்று கேட்டேன். ரிச்சி தெருக் கடைப் பையன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் சார்" என்றான். நேற்றைய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்த வேகத்திலேயே, மலிவாக எந்த எஸ்எஸ்டி வாங்கலாம் என்று சொல்லிவிடப் போகிறேன். நீங்களும் ராத்திரி முழுக்க ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் படுக்கப் போகிறவர்தானே!

விஷயம் சுலபம். எஸ்எஸ்டி என்பது நம் டேட்டா குடியிருக்கும் ஒரு திருவல்லிக்கேணி மேன்ஷன். எஸ்எல்சி என்றால் ரூமுக்கு ஒருவர். ராஜ வாழ்க்கை, வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. எம்எல்சியில் இருவர். டிஎல்சியில் மூவர், அனுசரித்துப் போகலாம். க்யூஎல்சியில் நால்வர். வாடகை குறைவுதான், ஆனால் எது யார் சட்டை என்று பிரித்தெடுப்பதற்குள் விடிந்துவிடும். சுவரும் சீக்கிரம் காரை பெயரும்.

புதிதாக வருகிறவர்கள் பெட்டி படுக்கையை முதலில் வராந்தாவில் போடுவார்கள். அதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். விளம்பரத்தில் போடுகிற வேகமெல்லாம் இந்த வராந்தா வரைக்கும்தான். கல்யாண வீடியோ மொத்தத்தையும் காப்பி செய்து பாருங்கள். வராந்தா நிரம்பியதும், மலிவு க்யூஎல்சி பழைய ஹார்டு டிஸ்க்கே தேவலை என்கிற அளவுக்குத் தவழும். யார் எந்த ரூமில் என்று மேனேஜர் நோட்டை விரித்துவைக்கிற மேஜைதான் டிராம். மலிவு மேன்ஷனில் மேஜை கிடையாது. என்விஎம்இ என்றால் கம்ப்யூட்டர் ராமில் ஓர் ஓரத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். சாட்டாவுக்கு அந்தக் கடனும் பிறக்காது.

காலி செய்வது இன்னும் கூத்து. ஒருவரை மட்டும் அனுப்ப முடியாது. பிளாக் முழுவதையும் காலி செய்தாக வேண்டும். மிச்சமிருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போக வேண்டும். இப்படிக் குடிமாறிக் குடிமாறியே கட்டடம் தேய்கிறது. எவ்வளவு எழுதும்வரை தாங்கும் என்பதற்கு டிபிடபிள்யூ என்று ஒரு கணக்கு. போதும் என்கிறீர்களா? மெஸ்ஸைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இத்தனையும் தெரிந்து என்ன பிரயோஜனம்? டப்பாவில் '3டி நேண்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறான். அது மாடிமேல் மாடி கட்டிய பெருமை. இருநூறு அடுக்குக்கு மேலேயே போய்விட்டார்கள். ரூமுக்கு எத்தனை பேர் என்று மட்டும் பல டப்பாக்களில் மூச்சு விடுவதில்லை. இன்னும் சில புண்ணியவான்கள், விமர்சகர்களுக்கு ஒரு ரூமைக் காட்டிவிட்டு, நாலு மாதம் கழித்து அதே பெயர்ப்பலகைக்குப் பின்னால் வேறு கட்டடத்தையே வைத்துவிடுகிறார்கள். ஊரறிய நடந்த கதைதான். வெட்கம்தான் யாருக்கும் இல்லை. 500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டுகிறதே, அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அது ஆயிரத்துக்கும் 1024-க்கும் உள்ள பங்காளிச் சண்டை.

சரி, எதை வாங்குவது? வருகிறேன். முதலில் உங்கள் மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா என்று பாருங்கள். இரண்டுமே 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம் என்று ஒரே அச்சில் வரும். ஒன்றைக் கேட்கிற ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கூடவே அதை இறுக்கும் குட்டி ஸ்க்ரூவையும் தேடி வையுங்கள். அது பெரும்பாலும் மதர்போர்டு டப்பாவோடு வந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த டப்பா போகிக்கு முன்பே பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.