தூக்கத்துக்கு மார்க்குப் போடுற தம்பிக்கு

வா தம்பி, இப்படி உக்காரு. வெடியால எந்திரிச்சு இன்னும் மூஞ்சிகூடக் கழுவலை. அதுக்குள்ள கைக்கடியாரத்தப் பாத்துப் பாத்து எதுக்கு மொகத்தச் சுழிக்கற? ராத்திரித் தூக்கத்துக்கு 100-க்கு 58 மார்க்கா? அட கெரகமே! பள்ளிக்கூடத்துலயும் நீ இதே மார்க்குத்தான வாங்குன, அப்ப இந்த வருத்தம் வரலியே?

நீ தூங்குனயா இல்லையான்னு உனக்கே தெரியாதாக்கும்? அந்தக் கடியாரம் உன்ற மண்டைக்குள்ள எட்டியா பாக்குது? கை அசையுதா, நாடி எப்படி ஓடுதுன்னு பாத்துக் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லுது, அவ்வளவுதான். தூக்கத்த நெசமா அளக்கோணும்னா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுத் தலையெல்லாம் ஒயர் ஒட்டோணும். இது எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறயா? என்ற பேத்தி நர்சு. லீவுல ஊட்டுக்கு வந்தா நாஞ் சும்மா உடுவனா?

அவ சொன்ன கூத்து ஒண்ணு கேளு. 2014-ல அமெரிக்காவுல, கொலராடோ காலேஜ்ல, பசங்களக் கூப்புட்டு ஒயர மாட்டுனாங்க. "உன்ற தூக்கம் அருமை"ன்னு கொஞ்சம் பேருத்துக்கும், "உன்ற தூக்கம் பத்தலை"ன்னு மத்தவங்களுக்கும் சும்மாவாச்சுக்கும் சொல்லி உட்டாங்க. ரண்டுமே பொய்யி. பொறவு, சொல்லச் சொல்ல எண்ணக் கூட்டிக்கிட்டே வர்ற ஒரு பரீட்சை வெச்சாங்க. நல்லாத் தூங்குனன்னு கேட்டவன் நல்லாச் செஞ்சான். பத்தலைன்னு கேட்டவன் சொதப்புனான். இப்பச் சொல்லு, உன்னைய இந்தப் பாடு படுத்துறது தூக்கமா, கடியாரமா?

அப்புறம் அந்த மெத்தை. ஒரு கறவை மாட்டு வெலை குடுத்து வாங்கியிருக்கற. நித்திரை சுகம் அறியாதுன்னு பெரியவங்க சொல்லி வெச்சதெல்லாம் மெத்தைக் கடைக்காரன் காதுல உழுகலையாட்ட இருக்குது. போதாததுக்குப் போன்ல மழைச் சத்தம். நெசமா மழை பேஞ்சாக் கொடியில காயப்போட்ட துணிய எடுக்க ஓடறவன் நீ, உனக்கு மழைச் சத்தத்துல தூக்கம் வருமா?

விசயம் மெத்தையில இல்ல கண்ணு. பட்டியில நாய் கட்டி வெச்சிருக்கமே, அது எதுக்குக் கொலைக்குது? திருடன் வந்தாலுங் கொலைக்கும், சருகு உருண்டாலுங் கொலைக்கும். கவலையும் அப்படித்தான். மாசத் தவணைய நெனச்சாப் போதும், ஏதோ சிறுத்தை வந்து நிக்கற மாதிரி நெஞ்சு அடிக்குது, மேலெல்லாம் முறுக்குது. அட்ரினலின்னும் கார்ட்டிசால்னும் பேத்தி பேரு சொல்றா. அது சொரந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் ஒடம்பு காவல்ல நிக்குது. காவல்காரன் எப்படித் தூங்குவான்? அதனாலதான் பதட்டக்காரனுக்குப் படுத்தவொடனே தூக்கம் வர்றதில்ல. அப்படியே கண்ணசந்தாலும் ஒரு சின்னச் சத்தத்துக்கு முழிச்சுக்கறான்.

சரி, முழிச்சவன் என்ன பண்றான்? படுக்கையிலயே பொரண்டு பொரண்டு கணக்குப் போடறான். இப்பத் தூங்குனா அஞ்சு மணி நேரம், இப்பத் தூங்குனா நாலு மணி நேரம். ஏன்டா, தூக்கமென்ன ரேஷன் கடைச் சக்கரையா, நேரத்துக்குப் போகலைன்னாக் கொறையறதுக்கு? இப்படியே நாலு வாரம் போனா, கட்டலப் பாத்தாலே மனசு கவலைப்பட ஆரம்பிச்சுரும்.

எங்க பெருசுகளும் லேசுப்பட்டவங்க இல்ல. "கண்ண மூடிப் படு, தானா வரும்"பாங்க. வராது. 1972-லயே ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு மனநல வாத்தியார் வேற வழி சொல்லிப்போட்டாரு. தூக்கம் வந்தாத்தான் படுக்கோணும். இருபது நிமிசம் போலப் படுத்தும் வரலைன்னா எந்திரிச்சு வெளிய வந்துரு. போன நோண்டாம சும்மா உக்காரு. கண்ணு சொக்குனாப் போய்ப் படு. ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் வெடியால ஒரே நேரத்துல எந்திரி, பகல்ல தூங்காத. இன்னைக்கும் தூக்கமில்லாதவனுக்கு டாக்டருங்க மொதல்ல சொல்ற வைத்தியத்துல இது இருக்குது. பைசா செலவில்ல. அதுதான் ஆருக்கும் புடிக்கறதில்ல.

ஒரு கட்டிங் போட்டாத் தூக்கம் வருதுங்கறயா? வரும், வரும். முன் ராத்திரி வரும். பின் ராத்திரி அதே சரக்கு உன்னைய எழுப்பி உக்கார வெக்கும்.

எங்க காலத்துல ஆருக்குங் கவலையே இல்ல, கட்டாந்தரையில கட்டையாட்டத் தூங்குனோம்னு பீத்தறானே, அவன நம்பாத. கெணறு வத்துன வருசம் எத்தனை திண்ணையில விடிய விடியப் பீடி கனிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பேருதான் வெக்கலை.

என்ற பங்காளி ஒருத்தரு. மஞ்சள் வெலை சரிஞ்ச வருசம், கோழி கூப்புடறதுக்கு முன்னால மூணு மணிக்கே முழிச்சுக்குவாரு. பொறவு தூக்கம் வராது. பால் கேன எடுத்துக்கிட்டுப் போய், பூட்டிக் கெடக்கற சொசைட்டி வாசப்படியில உக்காந்துக்குவாரு. ஊரே மெச்சுச்சு. "பாரு, என்ன சுறுசுறுப்பு"ன்னு பசங்களுக்கு அவரைய ஒதாரணங் காட்டுனாங்க. அந்த மனுசன் சரியாச் சோறு திங்கறதில்ல, ஆருகிட்டயும் நாயம் பேசறதில்ல, பேரன் கெக்கெக்கேன்னு சிரிச்சாலும் மொகம் மலர்றதில்ல. அத ஒருத்தனும் பாக்கலை. மனச்சோர்வுல நடுச்சாமத்துக்கு மேல முழிப்புத் தட்டறது பழைய அடையாளம். காலையிலதான் மனசு நெம்பக் கனமா இருக்கும், பொழுதோடக் கொஞ்சம் லேசாகும்.

இன்னொருத்தனுக்கு அதே சீக்கு தலைகீழா வரும், வயசுப் பசங்களுக்குத்தான் எச்சா. பத்து மணி நேரம் தூங்குவான், எந்திரிச்சாலும் அசதி. இவனச் சோம்பேறின்னு வைவாங்க. ஒரே சீக்கு, ஒருத்தனுக்குப் பாராட்டு, ஒருத்தனுக்கு வசவு. நம்மூரு வைத்தியம் எப்படி இருக்குது பாத்தியா?

தூக்கங் கெட்டு மனசு கெட்டுதா, மனசு கெட்டுத் தூக்கங் கெட்டுதான்னு கேப்ப. ரண்டும் நடக்கும். 2011-ல 21 ஆராய்ச்சிய ஒட்டுக்காச் சேத்துப் பாத்திருக்காங்க. மனச்சோர்வே இல்லாத ஆளுகள்லயும், தூக்கமில்லாதவங்களுக்குப் பின்னால அது வர்ற வாய்ப்பு ரண்டு மடங்கு. அதனால தூக்கம்தானன்னு அசால்ட்டா உடறதுக்கில்ல. ஒரு ராத்திரி கெட்டாப் போகுது, உடு. வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசமா இதே கதையின்னா டாக்டருகிட்டப் போ. ரண்டு வாரமா மனசு எந்திரிக்கவே இல்லைன்னா அதுவரைக்குங்கூடக் காத்திருக்காத. மெடிக்கல்ல நீயாத் தூக்க மாத்திரை கேக்காத, அது கைய உடாது. ஆஸ்பத்திரி வாசல்ல ஆராச்சும் பாத்துருவாங்கன்னு வெக்கமா இருந்தா, 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ்னு கவர்மென்டு 2022-ல ஆரம்பிச்சுது. காசில்ல, நடுச்சாமத்துலயும் எடுப்பாங்க.

எங்க பங்காளிய அவரு மருமகதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா. மாத்திரை குடுத்தாங்க. மொத ரண்டு வாரம் ஒண்ணுந் தெரியலை, தூக்கி எறியறேன்னு நின்னாரு. மருமக உடலை. மெல்ல மெல்லத் திரும்பிப்போட்டாரு. இப்பல்லாம் சொசைட்டிக்குக் கடைசியாப் பால் கொண்டாறது அவருதான். செக்ரட்டரி வைறாரு, ஊருக்குள்ள சோம்பேறிப் பட்டங்கூடக் கட்டிட்டாங்க. இவரு கொட்டாவி உட்டுக்கிட்டே கேன எறக்கி வெக்கறாரு.